கழிவு போக

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பேக்கரியின் மேல்மாடி.
ஜூலை கடைசி வாரம். விடாத மழை.
ரிட்டர்ன் போட வந்தவர்களின் குடைகள்
வாளிக்குள் ஒன்றையொன்று நனைத்துக்கொண்டு நிற்கின்றன.

தங்கநாடான் வந்தார். வாழைக்குலை மொத்த வியாபாரம்.
மட்டி விலை, செந்துளுவன் விலை தவிர
இந்த ஒன்பது வருஷத்தில் என்னிடம் வேறு பேச்சில்லை.
போனை நீட்டினார்.
எல்லைக்கு அந்தப் பக்கம்
நம் விமானங்கள் திரும்பிய பிறகு
ஒரு வீடு. ஒரு சுவர் மட்டும்.
சுவரில் காலண்டர்,
அன்று காலைத் தேதிவரை
யாரோ ஒழுங்காகக் கிழித்திருந்தார்கள்.

"இதில எனக்க பங்கு எவ்வளவு வரும் பிள்ளே?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
கால்குலேட்டரை எடுத்தேன்.
அவர் கட்டிய வரி,
அதில் ராணுவத்துக்குப் போகும் பைசா,
ஒரு குண்டின் விலை தெரியாது, சும்மா ஒன்று வைத்துக்கொண்டேன்.
"ஒரு திருகாணியில் அரை மரை."

"அரை மரை கொறஞ்சா ஆணி நிக்குமா?"
"நிற்கும். வேறொருத்தர் மரை வரும்."
"கெட்டாம இருந்தா?"
"வட்டி. அபராதம். நோட்டீஸ்."
தலைக்கு மேலே
அதே ரூபாயின் இன்னொரு துண்டு
லாரி போகப்போக அதிர்ந்துகொண்டிருந்தது.
அவரும் அண்ணாந்து பார்த்தார்.

ஓ.டி.பி வந்தது.
ஆறு எண்களையும்
பாவசங்கீர்த்தனக் கூண்டில் நிற்பவரைப்போல
தணிந்த குரலில் வாசித்தார்.
குடையை மறந்துவிட்டுப் போனார்.

அவர் கேட்காத கணக்கு ஒன்று உண்டு.

அந்த ராத்திரி வெட்டுமணியில் வெடி போட்டார்கள்.
யாரோ லட்டுப் பெட்டியோடு மாடியேறி வந்தார்கள்.
நான் ஒன்றைத் தின்றேன்.
மகளுக்கு என்று இன்னொன்று கேட்டு வாங்கினேன்.
தின்னாவிட்டால் எனக்கு நோட்டீஸ் வந்திருக்காது.
எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும்
என் வாயைத் திறக்கவில்லை.
நல்ல நெய். ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்.

கீழே பேக்கரியில் தட்டு கழுவும் றோசிலிக்கும் கொடுத்தார்கள்.
அவள் மகன் பட்டாளத்தில், எந்த மலையில் என்று அவளுக்கே தெரியாது.
வாங்கினாள்.
தண்ணீர்ப் பைப்பின் மேல் வைத்துவிட்டுத்
தட்டுகளைத் தொடர்ந்தாள்.
காலையில் பார்த்தேன், பாதியை எறும்பு கொண்டுபோயிருந்தது.
மகனை நினைத்த பயமா
அந்தக் காலண்டர் வீட்டை நினைத்தா
கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
என் லட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

ராத்திரி பதினொன்றே முக்கால்.
ஊர்க் கணக்கெல்லாம் முடித்து
என்னுடையதைத் திறக்கிறேன்.
பிற வழிகளில் வந்தது: இல்லை
என்று வழக்கம்போல் போடுகிறேன்.
வாளியில் ஒற்றைக் குடை.
போன் மினுங்குகிறது,
ஆறு எண்கள்.
பத்து நிமிஷம்தான் செல்லும்.