விட்டுப் பிடிங்க

ஆனி மாசம்.
கணவாய்க் காற்று பல்லடம் ரோட்டு பேனர்களை
ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருக்க,
நிலத்தடி ஸ்கேன் அறைக்குக்
காற்றுக்குத் தவிக்கிற ஒருவர்
படிக்கட்டில் இரண்டு தடவை நின்று இறங்கி வருகிறார்.
சென்னியப்பன், ஐம்பத்தெட்டு,
பனியன் கம்பெனி மெக்கானிக்.
மூன்றாவது வருசம், மூன்றாவது படம்.

"இத்தன தடவ எடுத்தா ஒடம்புக்கு ஆவாதுங்கறாங்களே அம்மிணி?"
இது குறைந்த கதிருங்க.
முதல் வருசம் எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.
"அப்ப தெரியறதும் அஞ்சுல ஒரு பங்குதானுங்களா?"
எட்டு வருசமாக இந்த மெஷினோடு இருக்கிறேன்,
இப்படி யாரும் கேட்டதில்லை.
கொஞ்சம் மணல் தூவினாற்போல் இருக்கும் என்றேன்.
பார்க்க வேண்டியது தெரியும்.

உலோகம் எல்லாம் கழற்றி வையுங்க.
வெள்ளி அரணாக்கொடி, செயின், வண்டிச் சாவி,
சட்டைப்பையிலிருந்து இரண்டு நட்டு,
பிறகு,
சுண்டுவிரலுக்கும் சேராத ஓர் அலுமினிய வளையம்.
எவர்சில்வர் தட்டில் அது மட்டும்
விழுந்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது.
நின்றதும் படித்தேன். ஓர் எண்.
எண்ணுக்கு முன்னால் வருசம்.
இந்த வருசம்.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு:
பஞ்சு, பறவை, கல்தூசு, ஏதாவது தொடர்பு?
போன வருசத் தாளில் அவர் சொல்லி
என் கையெழுத்திலேயே இருக்கிறது:
புறா வளர்த்தார். கொடுத்துவிட்டார்.

கைகளைத் தலைக்கு மேல் நீட்டிப் படுத்தார்.
மெஷினுக்குள்ளிருந்து பதிவுசெய்த பெண்குரல்
எந்த ஊருக்கும் சொந்தமில்லாத தமிழில்
மூச்சை உள்ளே இழுக்கவும், பிடித்திருக்கவும் என்றது.
ஐந்து நொடி.
அவர் மூன்றில் இருமினார்.
குரலை அணைத்துவிட்டு நானே மைக்கில் சொன்னேன்:
மெதுவாங்க. அவசரமில்ல. இழுங்க.
அப்படியே இருங்க.
இப்ப விடுங்க, எல்லாத்தையும் விடுங்க,
விட்டுப் பிடிங்க.

விட்ட பிறகு எடுக்கிற படம் பொய் சொல்லாது.
காற்று வெளியேறிய இடம் சாம்பலாகும்.
வெளியேற மறுத்த இடம் கறுப்பாகவே நிற்கும்.
திரையில் மூன்று வருசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
மணல் தூவிய படம்தான்.
ஆனாலும் வலது நுரையீரலில் கறுப்புக் கட்டங்கள்
போன வருசம் ஏழெட்டு.
இப்போது எண்ணவில்லை.
நடுவில் ஆவி படிந்த கண்ணாடி.
கீழ் ஓரத்தில், முறுக்கிப் பிழிந்து
பிரிக்காமல் காயவிட்ட துணிபோல வடு.
எனக்குப் பார்க்கத் தெரியும்.
சொல்கிற வேலை டாக்டருடையது.

எழுப்பி உட்காரவைத்தபோது
தட்டைப் பார்த்தார். பிறகு என்னை.
"குடுத்தது நெசமுங்க அம்மிணி.
நாப்பதையும் கூண்டோட காங்கயத்துக்காரர் வண்டில ஏத்திவுட்டேன்.
ஊட்டுக்காரியும் நின்னு பாத்தா.
அவரு பத்து நாள் அடைச்சு வெச்சிருந்து தொறந்துவுட்டிருக்காரு.
பொழுது உழுகறதுக்குள்ள இருவத்தாறு
எங்க மொட்டமாடில.
எரநூறு மைல்ல வுட்டாலும் ஊடு வந்து சேரோணும்னு
பழக்குனவனே நாந்தானுங்க.
காங்கயமெல்லாம் அதுகளுக்கு ஒரு தூரமா?
வந்தத எப்படிங் வெரட்டறது?"

மூச்சு வாங்கினார். வளையத்தைக் காட்டினார்.
"குஞ்சுக்குப் போடறதுங்க.
நாளைக்கு ஏழாம் நாளு.
தாண்டிப்போச்சுன்னா காலு நொழையாது, அதான்..."
மீதியை இருமல் எடுத்துக்கொண்டது.

படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலி.
கொடுத்தார், என்று எழுதினேன்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
திரும்பி வந்துவிட்டன.

வளையத்தை உள்ளங்கையில் வைத்ததும்
பைக்குள் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டார்.
பதினான்கு படி.
கைப்பிடிக் கம்பியைத் தொட்டபடி
அண்ணாந்து பார்த்து நின்றார்.
மேலே கதவை
காற்று தள்ளித் தள்ளித் திறந்துகொண்டிருந்தது.