முப்பத்தெட்டு வீதம்

மூன்றாம் தடவை.
காலை ஆறரைக்கே பெரியாஸ்பத்திரி வாங்கில்
எனக்கு முன்னால் பத்தொன்பது பேர்,
எல்லாரிடமும் ஒரே நிறக் கோப்பு.

போன வருடம் முப்பத்தெட்டு வீதம் என்று எழுதினார்கள்.
நாற்பது வேண்டுமாம்.
மிச்சம் இரண்டு வீதம்
எந்த விரலில் இன்னும் உயிரோடிருக்கிறதென்று
வீட்டுக்குப் போய் ஊசியால் குத்திப் பார்த்தேன்.
சின்னவிரலின் ஓரத்தில்
எறும்பு ஊர்ந்தமாதிரி ஒன்று.
இதற்குத்தானா வெட்டினீர்கள்?

நிறுவையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
நான்காம் குறுக்குத் தெருவில் பதினேழு வருடம்
தராசடியில் நின்றவன் நான்.
செத்தல் மிளகாய், மல்லி, மைசூர்ப் பருப்பு.
முதலாளி கண்ணைக் காட்டினால்
தட்டின் விளிம்பில் என் பெருவிரல்
தானாகப் போய் உட்காரும்.
பாவம்தான். நத்தாருக்கு
அரைமாதச் சம்பளம் கூடக் கிடைத்தது.
பிறகொரு செவ்வாய்க்கிழமை லொறிக்கட்டு அவிழ்ந்து
மல்லி மூட்டைகள் தோளில் இறங்கின.
அன்றிலிருந்து அந்தப் பெருவிரல்
எதன் மீதும் பாரமில்லை.

தோட்டத்து நஸீர் நானா சொன்னார்:
"கொஞ்சம் நடுங்கிக் காட்டுங்க தம்பி,
சும்மா தொங்கினா அவங்களுக்கு விளங்காது."
இரவு கண்ணாடி முன்னால் நடுக்கிப் பார்த்தேன்.
பிலோமினா கதவடியில் நின்று சிரித்தாள்,
பிறகு சிரிக்கவில்லை.

கையெழுத்துப் பொருந்தவில்லை என்று
பிரதேச செயலகம் ஒருமுறை திருப்பி அனுப்பியது.
அடையாள அட்டையில் வலது கை போட்டது.
படிவத்தில் இடது கை.
இரண்டும் ஒரே ஆள்தான் என்று
கிராம சேவகர் கடிதம் தந்தார்.
அதிலும் முத்திரை அரைவாசிதான் விழுந்திருந்தது.

இன்று விடிய, சட்டை போட்டுவிட்டவள்
மேல் பொத்தான் இரண்டைப் பூட்டாமல் விட்டாள்.
"இருக்கட்டும், டொக்டர் பார்க்கட்டும்."
பூட்டு என்றேன்.
"பூட்டினா, பிறகு வந்து என்னட்டப் புலம்பக்கூடாது."
பூட்டினாள்.

அறைக்குள் என் மகள் வயதில் ஒரு டொக்டர்.
கோப்பிலிருந்து தலை நிமிராமல்,
"அத உஸ்ஸன்ன."

ஆமர் வீதிச் சோதனைச் சாவடியில்
இதே இரண்டு சொல்லை, இதைவிட உரத்து,
மீசை முளைக்காத ஒரு பெடியன் சொன்னான்
பஸ்சிலிருந்து இறக்கி.
அன்றைக்கு இரண்டு கையும் உடனே எழும்பின.
எழும்பாமல் இருந்திருந்தால்
எந்தப் படிவமும் தேவைப்பட்டிருக்காது.
இப்போதும் முதுகு முந்திக்கொண்டு நிமிர்ந்தது.
இடது கை கூரைக்கு,
வலது கை தொடையில்.

நடுங்கவில்லை. மறந்துபோனேன்.

"சட்டைப் பொத்தான் யார் பூட்டினது?"
தாதி தமிழாக்கிக் கேட்டாள்.
"நோனா" என்றேன்.
டொக்டர் ஏதோ எழுதினாள்.
தலைகீழாய் வாசிக்கப் பார்த்தேன். ஒரு வரிதான்.
எண் வரும் இடத்தை
அவளுடைய முழங்கை மறைத்திருந்தது.
கடிதம் வருமாம்.
கூடினாலும் குறைந்தாலும்
அடுத்த வருடமும் வரவேண்டுமாம்.

திரும்பும் மட்டக்குளி பஸ்சில்
இடது கை கம்பியைப் பிடித்திருந்தது.
அவனுக்கென்ன தெரியும்,
கொண்டக்டர் மிச்சக்காசை
வலது உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனான்.

எல்லாம் சிதறியது.
முழு பஸ்சும் திரும்பிப் பார்த்தது.
மீன்கூடைக்காரி காலைத் தூக்கினாள்.
ஒரு பள்ளிக்கூடப் பெட்டை குனிந்து பொறுக்கி
என் சட்டைப்பையில் போட்டு,
"சரியா மாமா, எண்ணிப் பாருங்க" என்றாள்.
எண்ணினேன்.
ஒரு இரண்டு ரூபாய்க் குற்றி மட்டும் இல்லை.

பரவாயில்லை பிள்ளை என்றேன்.
அவள் கேட்கவில்லை.
கொட்டாஞ்சேனை தாண்டியும்
ஆசனங்களுக்கடியில் தேடிக்கொண்டிருந்தாள்.