இரண்டு நிமிடம் நாற்பது

துலூத்திலிருந்து வந்த தடித்த உறையில்
ஒரு கசெட், ஒரு துண்டுத்தாள்.
கோஸ்கினனை நான் கண்டதில்லை.
எங்கள் இருவருக்கும் பிடித்த டிரம்ஸ்காரனை
வேறு யாருக்கும் பிடிக்காது,
அவ்வளவுதான் உறவு.

போன முறை அவன் சொன்ன மூன்றும்
எனக்கு ஒத்துவரவில்லை.
ஒன்றில் சாக்ஸபோன், சளி பிடித்த வாத்து.
அப்படியே எழுதியும்விட்டேன். கோபிக்கவில்லை.

இம்முறை பென்சிலில்:
‘இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு.
இரண்டு நிமிடம் நாற்பதில்
பேஸ் கிட்டார்காரன் தடுமாறுகிறான்.
அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.’

வின்னிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
பார்சல் கிடங்கில் இரவு வேலை முடிந்து
பதினெட்டாம் நம்பர் பஸ்.
வாக்மேன் கோட்டுக்குள், நெஞ்சோடு;
வெளியே எடுத்தால் பேட்டரி செத்துவிடும்.

வந்தது.
அரை அட்சரம் பின்தங்கி
ஓடிவந்து சேர்ந்துகொள்ளும் விரல்.
கதவு மூடுமுன் ஏறிவிட்டவனின் மூச்சு அதில்.
நான் இறங்கவேண்டிய நிறுத்தம்
எப்போதோ போய்விட்டது.

பதிலுக்கு என்ன அனுப்ப?
இணுவில் கோயிலில் யாரோ பதிந்த
தவில் தனி, இருபது நிமிடம்.
பிரதி எடுத்தேன்.
விளக்கம் ஒன்றும் எழுதவில்லை,
எங்கே தொடங்குவது?

ஐந்து வாரம் கழித்து ஓர் அட்டை:
‘கணக்குப் பிடிபடவில்லை. நாலு தரம் கேட்டாயிற்று.
பதினோராவது நிமிடத்தில்
ஒருவர் இருமுகிறாரே, யார் அது?’

பதினைந்து வருடமாய் என்னிடம் இருக்கிற நாடா.
சுற்றிப் போட்டேன்,
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்.

ஆமாம், இருமுகிறார்.
இரண்டு தரம்.