பதினான்காம் அத்தியாயத்தின் வாசல்

பரதராமி தாண்டி, சித்தூர் சாலையில்,
மாங்கூழ் ஆலையின் எடைமேடை அறையில்
ராத்திரி ஷிப்டில் எனக்கு இரண்டு வேலை.
லாரி வந்தால் எடை போடுவேன்.
வராத நேரத்தில்
ஏழு கொடி பறக்கும் மாளிகை ஒன்றைக் கட்டுவேன்.
அதில் ஒரு பிரபு, அவருக்கு மூன்று மனைவியர்,
வடக்கு முகட்டில் தூங்கும் டிராகன்,
கறுப்பு அங்கியில் ஒரு கொலையாளி.

'வாசலில் நின்ற காவலர் இருவரும்
சத்தமின்றிச் சரிந்தனர்'
என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தபோது
தேசம்மா டீ கொண்டுவந்தாள்.
புடவைக்கு மேலே காக்கிச் சட்டை,
கழுத்தில் விசில்,
கையில் பேட்டரி தீர்ந்த சோதனைக் கருவி.
படி, என்றாள். படித்தேன்.

ரெண்டு பேருமா? பேர் என்ன?
பேர் வைக்கவில்லை.
எத்தனை மணிக்கு ஆள் மாத்துவாங்க?
யோசிக்கவில்லை.
உட்கார ஸ்டூல் உண்டா?
ஒண்ணுக்கு எங்க போவாங்க?

என் மாளிகையில் நாற்பத்திரண்டு அறைகள்.
இசைக்கு ஒன்று, வாள்களுக்கு ஒன்று,
பிரபுவின் பருந்துகளுக்கே மூன்று.

விடாமல் வாதாடினேன்.
பிரபு வீடென்றால் காவல் வேண்டும் தேசம்மா,
இல்லாவிட்டால் கொலையாளி
செருப்பைக் கழற்றிவிட்டு விருந்தாளிபோல உள்ளே போவான்,
படிக்கிறவனுக்குப் பயம் எங்கிருந்து வரும்?

டிராகன் நெருப்பு ஊதினா
அந்த ஈட்டியில என்ன சுடுவாங்க, சோளமா?
என்றாள். பிறகு,
சுத்துப்பட்டு ஊரே அவங்ககிட்ட கடன் வாங்கியிருக்கும்.
எவன் உள்ள வரப்போறான்?

எழுந்து போய் கேட்டருகே நின்றாள்.
சாலைக்கு முதுகு, ஆலைக்கு முகம்.
பாரு, நான் நிக்கிறது இப்படி.
உள்ள வர்ற பெங்களூரா மாங்காய நீ பார்த்துக்குவே.
வெளிய போற எண்பது பொம்பளைங்க
டிபன்பாக்ஸை நான் பார்க்கணும்.
ஒரு துண்டு பழம் இருந்தா
ஒரு நாள் கூலி கட்.

எத்தனை பேரைப் பிடித்தாய்?

பதினோரு சீசனா ஒருத்தியும் மாட்டலை,
என்றாள், டீ கிளாஸின் அடியைப் பார்த்தபடி.

இரண்டு மணிக்குமேல் லாரி இல்லை.
என் காவலர்களைத் திருப்பி நிறுத்திப் பார்த்தேன்,
மாளிகையைப் பார்க்கும்படி.
ஒருத்திக்கு நாகுலு என்று பேர் வைத்தேன்.
பேர் வைத்த மறுவரியிலேயே அவளுக்குப் பல்வலி வந்தது.
அடுத்த வரியில்
மாற்று ஆள் வரவில்லை.
சமையற்கட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள்,
முந்தானை ஒரு பக்கம் புடைத்திருக்க.
நாகுலு அண்ணாந்து நட்சத்திரம் பார்த்தாள்,
அவள் கடந்து போகிறவரை.
பின்னால், மரநிழலில், கத்தியோடு வந்தவன்
இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.
யாரைக் கொல்ல வந்தோம் என்பது
அவனுக்குக் கொஞ்சம் மறந்துபோயிற்று.

ஆறு மணிச் சங்கு.
நானும் வெளியே போகிறவன்தான்.
பையைத் திற, என்றாள்.

சீசன் முழுக்கக் கட்டிய மாளிகை
அத்தனையும் எடைச்சீட்டின் பின்பக்கம்.
முன்பக்கம் வண்டி எடை, சரக்கு எடை, கழிவு;
பின்பக்கம் அரியணை.
கம்பெனித் தாள். இருநூறுக்குக் குறையாது.
கட்டைத் தூக்கி
உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தாள்.
எனக்குப் பின்னால் எண்பது பெண்கள்
கொட்டாவியோடு.

ஒரே ஒரு தாளை உருவி
நான்காக மடித்துக் காக்கிப் பையில் போட்டாள்.
இருவரும் சரிகிற தாள்.

போனீ, என்றாள்.
தெலுங்கில் அதற்குப் போகட்டும் என்று பொருள்.
என் காதில் போ நீ என்று விழுந்தது.
வாசலில் கூடையை இறக்கிக்கொண்டிருந்த பூக்காரி
முதல் வியாபாரம் தனக்குத்தான் என்று நிமிர்ந்தாள்.
எந்தப் போனி என்று நான் கேட்கவில்லை,
குடியாத்தம் பஸ் வந்துவிட்டது.

கொலையாளி இன்னும் வெளியேதான் நிற்கிறான்,
கேட்பாஸ் இல்லாமல்.