பரிசீலனையில்

நூற்றியெட்டு டிகிரி அடித்து ஓய்ந்த சித்திரை ராத்திரி
காட்பாடிக் கூட்டத்தில் அவர் கேட்டார்:
"நாட்டுக்கு எல்லை காக்கிறவன் மனசுக்கு
எல்லை போட நாம் யார்?"
விடுப்பில் வந்திருந்தேன், கடைசி வரிசை.
கைதட்டல் அடங்கிய பிறகும்
இரண்டு கைகள் தட்டிக்கொண்டிருந்தன.
வேர்க்கடலைக்காரர் திரும்பிப் பார்த்ததும்தான் தெரிந்தது
அவை என்னுடையவை.

ஜெயித்தார்.

கோர்ட்டு ஊருக்கெல்லாம் கதவு திறந்துவிட்டது.
அந்தத் தீர்ப்பு எங்கள் முகாம் கேட்டில் மட்டும்
அடையாள அட்டை இல்லாமல் நிற்கிறது.

அடுத்த விடுப்பில்
சத்துவாச்சாரி ஆபீசில் முதல் மனு.
பெயர் எழுதவில்லை, நம்பர் எழுதவில்லை,
"ஒரு சிப்பாய்" என்று மட்டும்.
உதவியாளர் பிச்சாண்டி படித்துவிட்டு
மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.
"அடுத்த கூட்டத்தொடர்ல பேசுவாரு."

மூன்று கூட்டத்தொடர்.
பாலாற்றில் ஒருமுறை தண்ணீர்கூட வந்துபோனது.

மறுபடி போனபோது பிச்சாண்டி சொன்னார்:
"பொறுங்க தம்பி.
கோட்டைக்குள்ள சாமியே இல்லாம
நானூறு வருஷம் இருந்த ஊரு இது."
நான் சொல்லவில்லை,
ஆனால் யோசித்தேன்:
சாமி திரும்பி வந்தது
யாரும் சட்டம் போட்டதால் அல்ல,
மூடிய லாரியில்.
நானும் கோதண்டனும்
ஒன்பது வருஷமாக அந்த லாரிக்குள்தான் இருக்கிறோம்.

அவன் குடியாத்தத்துக்காரன்.
இப்போது பனிமேட்டில், பதினாலாயிரம் அடி.
படிவத்தில் என் பெயரை எழுதி
உறவுமுறை என்ற கட்டத்தில்
பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கிறான்.
அங்கே மை உறைந்துவிடும் என்பான்.
அது மையின் குற்றம் மட்டும் இல்லை.

போன மாசம் எங்கள் ஊரில் நினைவு வளைவு திறப்பு.
வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்தில் இருக்கிற ஊர்,
மெடல் குத்திய வரிசையில் நான் ஏழாவது.
பொன்னாடை போர்த்தும்போது
காதோரம் கேட்டேன்: "ஐயா, அந்த விஷயம்?"
கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார்:
"பேசிக்கிட்டிருக்கோம்."
எட்டாவது ஆளுக்குப் போய்விட்டார்.
மைக்கில் வளைவின் செலவு முப்பத்திரண்டு லட்சம் என்றார்கள்.

பொன்னாடையை மடித்து
கறுப்பு டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.
கோதண்டனுக்கு அனுப்பலாம்தான்,
வெறும் சரிகை, குளிர் தாங்காது.

ராத்திரி பதினொன்றுக்கு லைன் கிடைத்தது.
காற்று இரைச்சலுக்குள்ளிருந்து அவன்:
"என்ன சொன்னாரு?"
"பேசிக்கிட்டிருக்காங்களாம்."
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு, பக்கத்துப் படுக்கைக்காரன் விழித்துவிடாதபடி:
"நாமளுந்தான்."