ஐந்தாவது கியரில்

பத்தாம் நம்பர் சாக்கெட் மறுபடி காணவில்லை.
இந்த வருஷம் மூன்று வாங்கினேன்.
மூன்றையும் வயிற்றில் எங்கேயோ வைத்துக்கொண்டு
ஒன்றும் தெரியாததுபோல் நிற்கிறது
வெள்ளி நிற ஹோண்டா சிட்டி,
இரண்டாயிரத்து இரண்டு, வீடெக்.
ஒரு பல் டாக்டர் விற்றது.
பின்சீட்டில் இன்னும் கிராம்பு எண்ணெய் வாசனை.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு
ஒரு காரும் ஒரு சைக்கிளும் அகலம்.
எந்த போல்ட் எங்கே இருக்கிறதென்று
உப்புக்காற்றுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.
போன தையில் கதவின் அடிமடிப்பைச் சுரண்டி
ரெட் ஆக்சைடு அடித்தேன்.
ஆடி வருவதற்குள்
அதற்கு அரை விரல் தள்ளி புதுக் கொப்புளம்.

வாரத்தில் ஆறு நாள் எண்ணூரில் கன்டெய்னர் எண்ணுகிறேன்.
போகிற வழியெல்லாம் டிரெய்லர் வரிசை.
முதல் கியர், கிளட்ச், இரண்டு, கிளட்ச், மறுபடி முதல்.
மீட்டரில் ஏழாயிரத்தையும் தாண்டி எண் போட்டிருக்கிறான்.
நான் பார்த்தது நாலாயிரத்து இருநூறு,
மணலி ரோட்டில், விடிகாலை மூன்றரைக்கு,
ஒரு நாய் குறுக்கே வரும் வரைக்கும்.

இன்று ஞாயிறு. டேப்பெட்.
இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.
மூடியைக் கழற்றி பழைய பெட்ஷீட்டில் வைத்தேன்.
நாலு பிளக்கையும் உருவி
பிஸ்கட் டப்பாவில் வரிசையாக நிறுத்தினேன்.
இன்டேக்குக்கு இருபது, எக்ஸாஸ்ட்டுக்கு இருபத்தைந்து,
மில்லிமீட்டரை நூறாகக் கிழித்த கணக்கில்.
தகட்டை நுழைத்து இழுக்கையில்
இட்லி ஈரத்துணியை விடுவதுபோல
ஒரு சின்னத் தயக்கம் இருக்க வேண்டும்.
ஜெராக்ஸ் எடுத்த மேனுவலில் இந்த இட்லி இல்லை.
முதல் தடவை அதிகம் இறுக்கிவிட்டு
இரண்டு வாரம் வண்டி இருமியதில் கிடைத்தது.

முதல் சிலிண்டர் முடிந்தது.
அடுத்தது மூன்று, பிறகு நாலு, பிறகு இரண்டு.
இன்ஜினைத் திருப்ப ராட்செட்டைத் தேடுகிறேன்,
தெருமுனையில் ஹாரன்.
திங்கட்கிழமைத் தண்ணி லாரி
ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கிறது.

"பெனிட்டா, வண்டிய எடு!"
"ஸ்டார்ட் ஆவாதுக்கா, மேல தொறந்து போட்டுக்கீறேன்."
"அப்ப தள்ளு. இன்னாத்துக்கு யோசிக்கிற?"
தெரேசம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.
ஷாகிரா வந்தாள். லுங்கியை மடித்துக் கட்டி
ஜன்னல் வழியே ஸ்டியரிங்கைப் பிடித்தார் முனிரத்தினம்.

நியூட்ரலுக்குப் போன கை
நடுவில் நின்றது.
ஐந்தில் போட்டேன்.

பிளக் இல்லாத இன்ஜினுக்கு மூச்சுப் பிடிக்க வராது.
சக்கரம் உருண்டது, ராக்கர்கள் ஒவ்வொன்றாகத்
தலையாட்டத் தொடங்கின.
இடது பக்கத்தில், சைக்கிள் போகும் இடைவெளியில்
கேம் வீலைப் பார்த்தபடி கூடவே நடந்தேன்.
ஓரடி தள்ளினால் ஒரு சிலிண்டர்.
பன்னிரண்டு அடி தள்ளினார்கள்.
மூன்று, நாலு, இரண்டு, ஒன்று என்று
என் குறிகளெல்லாம் வந்து வந்து போயின.
லாரி உள்ளே நுழைந்தது.

வாங்கிய நாளிலிருந்து
அந்தக் கியருக்கு வேலை வந்தது இன்றைக்குத்தான்.

தண்ணீர் பிடித்து முடிந்தது.
எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.
பாதிப் புடவை நனைந்து தெரேசம்மா டிக்கியில் கை வைத்து நிற்கிறாள்.
"இன்னும் எத்தினி அடிம்மா?"
"மூணு. மெதுவா. நிறுத்துன்னா நிறுத்தணும்."
"ஏய், நிறுத்துன்னா நிறுத்தணுமாம்!"
ஓரடி. மூன்றாவதை அளந்தேன்.
யாரோ டீ கொண்டுவந்தார்கள். ஓரடி. நாலாவது.
அதற்குள் முனிரத்தினம்
இதே தெருவில் ஒரு மாடு ஏசி ஆட்டோவில் ஏறிய கதையைச் சொல்ல
எல்லாரும் சிரித்து, அரை விரல் அதிகம் தள்ளிவிட்டார்கள்.
பின்னுக்கு இழுக்கக்கூடாது.
சரி போகட்டும் என்று விட்டேன்.
ஓரடி. இரண்டாவது.

சாயங்காலம் ஸ்டார்ட் செய்தேன்.
ஐடில் ஊசி எழுநூற்றைம்பதில் அசையாமல் நின்றது.
ஒரே ஒரு இடத்தில் மட்டும்
டிக், டிக்.
நாலாவது, எக்ஸாஸ்ட் பக்கம்.
அந்த மாட்டின் வேலை.

அடுத்த லாரி வரட்டும்.