நீர் வந்த இடங்கள்

கோத்காவில் மார்ச் முடிந்தும் கடல் உறைந்தே கிடந்தது.
கரையில், கட்டைகளின் மேல்,
நீலத் தார்ப்பாய்க்குள் நின்றது படகு.
எழுபத்து நான்கில் வார்த்தது. எட்டு மீட்டர்.
பெயர் குயிக்கா:
முங்கி மீன் பிடிக்கும் பறவை.
முங்குகிற ஒன்றின் பெயரைப்
படகுக்கு வைத்தது யாரென்று கேட்டேன்.
"முன்னால் இருந்தவர்" என்றார் பக்கரினென்.
எதைக் கேட்டாலும்
முன்னால் இருந்தவர்தான்.

நாலாயிரத்து இருநூறு யூரோ.
இரண்டு தரம் எண்ணி வாங்கிக்கொண்டு,
சாவி தந்து, கை குலுக்கி,
கொக்கிக் கழியைத் தோளில் சாய்த்து நடந்தார்.
அது படகோடு சேர்ந்தது என்றேன்.
அது தன் மைத்துனருடையது என்றார்.
யானையை விற்றுவிட்டுத் துறட்டிக்கு வழக்கு,
கால் மணி நேரம், பனியில்,
மூக்கு ஒழுக.
கழி என்னிடம் இருக்கிறது.
மைத்துனர் யாரென்று இன்றுவரை தெரியாது.

என் தொழில் பல் செய்வது.
பீங்கானில், மெழுகில், அடுத்தவர் வாய்க்கு.
ஒரு மயிரிழை உயர்ந்தால் அவர்கள் தூங்கமாட்டார்கள்.
அந்தக் கையால் சின்னச் சுத்தியை எடுத்து
மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போனேன்.
டக். டக். டக்.
பாய்மரத்தடியில், தொப்.
மறுபடி தட்டினேன்.
தொப்.
சொத்தை!
சொல்ல வெட்கமாயிருக்கிறது,
ஒரு விநாடி சந்தோஷப்பட்டேன்,
தெரிந்த வேலை என்று.

அறுத்துத் திறந்தேன். உள்ளே பால்சா மரம்
ஊறிய ரொட்டியாய் விரலோடு வந்தது.
உள்ளங்கை அகலம் என்று தொடங்கியது
கதவகலத்தில் நின்றது.
ஏப்ரல் முழுக்க ரெசின், கண்ணாடி இழை,
தின்ற சோற்றிலும் தூசி,
அரிக்கிற மணிக்கட்டு.
"உன் கோட்டில் தின்னர் வாடை" என்றாள்
ஆய்வகத்தில் ஹில்ப்பா, ஜன்னலைத் திறந்துகொண்டே.
எஞ்சின் இருமிற்று, கறுப்பாய்த் துப்பிற்று, அடங்கிற்று.
வடிகட்டி முப்பத்தெட்டு யூரோ.
அளவு தவறு. இன்னொரு முப்பத்தெட்டு.
அடித்தள வால்வு திரும்ப மறுத்தது.
கொஞ்சம் அழுத்தினேன்,
கைப்பிடி கையோடு வந்தது.
நாலாயிரத்து இருநூறை
விலை என்று நினைத்திருந்தேன் நான்.

இடப்பக்கப் படுக்கைக்கு அடியில்
டார்ச்சைப் பல்லில் கடித்துத்
தலைகீழாய்க் கிடந்தபோது பார்த்தேன்,
பென்சிலில் ஒரு சின்ன அம்பு.
பக்கத்தில்: ஜூலை 81.
சாண் தள்ளி இன்னொன்று:
86, தென்மேற்குக் காற்றில் மட்டும்.
வேறு கையெழுத்தில்: 97, மறுபடியும்.
பிறகு அழுத்தி எழுதியது:
2009, இது எங்கிருந்து??

முன்னால் இருந்தவருக்கும் முன்னால் இருந்தவர்கள்
இதே பள்ளத்தில் குப்புறக் கிடந்து,
முழங்கை நனைய,
ஒவ்வொரு ஒழுக்கையும் கையும் களவுமாய்ப்
பிடித்து வைத்திருக்கிறார்கள்.
ஓரிடத்தில் மட்டும்
"ஐலி அழுதாள்" என்று இருந்தது.
தேதி இல்லை. அம்பும் இல்லை.
சுற்றியிருந்த எல்லாவற்றையும் துடைத்தேன்,
அதை விட்டுவிட்டு.

மே பதினெட்டு.
ஆவுலிஸ் கிரேனில் தூக்கி
மெல்ல இறக்கினான்.
கடல் அவளை ஏந்திய சத்தம்
பெரிதாய் ஒன்றும் இல்லை,
யாரோ பாயில் உட்கார்ந்த மாதிரி.
"வாரை அவிழ்க்காதே" என்று கத்திவிட்டு
உள்ளே ஓடினேன்.
எண்பத்தொன்றைத் தொட்டேன், உலர்ந்திருந்தது.
எண்பத்தாறு. தொண்ணூற்றேழு.
இரண்டு கேள்விக்குறிகளையும் தடவினேன்.
எல்லாம் உலர்ந்திருந்தன.

முட்டியில் குளிர்ந்தது.
நான் போட்ட வால்வு.
புதுசு, பளபளப்பு, ரசீதுகூட இருக்கிறது.
அதன் கழுத்தோரம்,
மூச்சுக்கு ஒரு சொட்டு.

மேலே ஆவுலிஸ்,
வரிசையில் இன்னும் ஆறு படகு என்கிறான்.
ஸ்பானரில் கால் சுற்று.
அதில் பாதி.
சொட்டு திரண்டது, தயங்கியது, தொங்கிற்று.
இருநூறு எண்ணும்வரை விழவில்லை.
பிறகு விழுந்தது.
இருநூறுக்கு ஒன்று.
குவளை இருக்கிறது, பம்பு இருக்கிறது.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
அம்பு வரைந்தேன்.
தேதி போட்டேன்.
கேள்விக்குறி போடவில்லை.
எங்கிருந்து என்று தெரியும் எனக்கு.
"அவிழ்த்துவிடு" என்றேன்.